‘செஞ்ச வேலையைக் காட்ட முடியுமா?’ - வேலை மாறுபவர்களுக்குக் கைகொடுக்கும் டிஜிட்டல் பீரோ!

“பதினோரு வருஷம் டீச்சரா இருந்தேன். அதைக் காட்ட என்கிட்ட ஒரே ஒரு பேப்பர்தான் இருந்துச்சு!”

திருச்சியில் இருக்கும் என் தோழி சொன்னது இது. தனியார் பள்ளி ஒன்றில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவர். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, வேலையை விட்டார். மூன்று வருடம் கழித்து, ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். வீட்டிலிருந்தே பார்க்கலாம், கற்றுக்கொடுக்கிற வேலையை விட்டும் விலக வேண்டாம் என்ற ஆசை.

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. கடைசியில், “நீங்க தயாரிச்ச பாடம், ஒர்க்‌ஷீட் எதையாவது அனுப்ப முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அவர் தயாரித்த ஒர்க்‌ஷீட்கள் எல்லாம் பள்ளியின் கம்ப்யூட்டரில். வகுப்பில் எடுத்த போட்டோக்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில். குழுவிலிருந்து விலகி, போனையும் மாற்றியாகிவிட்டது. கையில் மிஞ்சியது, சேர்ந்த தேதி, விலகிய தேதி, ‘நடத்தை நன்று’ என்ற வரியோடு ஓர் அனுபவச் சான்றிதழ்.

அந்த வேலை கிடைக்கவில்லை. திறமை இல்லாததால் அல்ல... திறமையைக் காட்ட எதுவும் இல்லாததால்.

இது அவர் கதை மட்டுமல்ல. வேலையிலிருந்து நீக்கப்படும் அன்றே ஆபீஸ் லேப்டாப்பும் மெயிலும் லாக் ஆகிவிடும் ஐ.டி ஊழியர், கடையை மூடிவிட்டு வேறு தொழில் தேடுபவர், பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் அம்மாக்கள்... எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கான பதில்தான் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ.

பெயர் புதுசு... பழக்கம் பழசு!

பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனால், தையல்காரர் ஓர் ஆல்பத்தை எடுத்து நீட்டுவார் இல்லையா? கல்யாண போட்டோகிராபர் டேபிளில் பழைய ஆல்பங்களை அடுக்கி வைத்திருப்பாரே? அதுதான் போர்ட்ஃபோலியோ. ‘எனக்கு இது தெரியும்’ என்று சொல்வது ரெஸ்யூம். ‘இதோ பாருங்க’ என்று எடுத்துக் காட்டுவது போர்ட்ஃபோலியோ. ஆர்க்கிடெக்ட்களும் டிசைனர்களும் ரொம்ப காலமாகச் செய்வதை, இப்போது ஆசிரியர், நர்ஸ், அக்கவுன்டன்ட், எலெக்ட்ரீஷியன் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். போன் ஒன்று போதும்.

பலர் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். போர்ட்ஃபோலியோ என்றதும், வண்ணமயமான வெப்சைட் ஒன்றை உருவாக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். டெம்ப்ளேட் தேர்வு செய்வதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். பிறகு அந்தப் பக்கமே போக மாட்டார்கள். என்னைக் கேட்டால், வெப்சைட் கடைசி வேலை.

வீட்டில் பீரோவும் இருக்கிறது, ஷோகேஸும் இருக்கிறது. பீரோவுக்குள் எல்லாம் இருக்கும். ஷோகேஸில் நாலு பொருள்தான் இருக்கும். போர்ட்ஃபோலியோவுக்கும் இந்த இரண்டு அடுக்குகள் வேண்டும். உங்களுக்கு மட்டுமான பெரிய சேமிப்பு ஒன்று. அதிலிருந்து, அந்தந்த வேலைக்குத் தகுந்தபடி எடுத்துவைக்கும் நாலைந்து விஷயங்கள் இன்னொன்று. பீரோவை நிரப்பும் வேலையை, வேலை தேடாத நாள்களில்தான் செய்ய முடியும். தேடும்போது ஷோகேஸை அடுக்க ஒரு மாலை நேரம் போதும்.

பீரோவில் என்ன வைப்பது?

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, வருட வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 15 ஜிபி வரை இலவசம். நீங்கள் தயாரித்தவை, நடத்திய நிகழ்ச்சி, சரிசெய்த சிக்கல், வாங்கிய பாராட்டு மெயில், முடித்த கோர்ஸ் எல்லாம் உள்ளே போகட்டும். மதிப்பெண் பட்டியல் போன்ற சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. பல்கலைக்கழகமோ, கல்வி வாரியமோ அதில் நேரடியாக வழங்கும் ஆவணம், 2016-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ஒரிஜினலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

ஐ.ஐ.டி-க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல், மத்திய அரசின் ஸ்வயம் போன்ற தளங்களில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வுக்குக் கட்டணம் கட்டி, நேரில் போய் எழுதினால் சான்றிதழ். ஆனால், சான்றிதழை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எக்ஸெல் கோர்ஸ் முடித்த சான்றிதழைவிட, அதை வைத்து உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கை ஒழுங்குபடுத்திய ஃபைல் கூடுதலாகப் பேசும்.

“நான் வீட்டுலதானே இருந்தேன், எனக்கு எதுங்க போர்ட்ஃபோலியோ?” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவைப் பார்த்தவர், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர், கோயில் திருவிழாவுக்கு ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்குப் பட்டியல் போட்டவர்... இவர்கள் செய்ததெல்லாம் கணக்கு வேலை, கற்பித்தல், நிர்வாகம்தான். சம்பளம் வரவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. கைத்தொழிலை வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மத்திய அரசின் பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழில்திறனை மதிப்பிட்டுச் சான்று தரும் பிரிவு இருக்கிறது.

மூன்று வரி... அதுதான் உயிர்!

வெறும் போட்டோவும் ஃபைலும் சேர்த்தால் அது குப்பைக் கிடங்காகிவிடும். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால், ‘இதை எதுக்கு வெச்சோம்?’ என்று நமக்கே தெரியாது. ஒவ்வொன்றோடும் மூன்று வரி எழுதுங்கள். என்ன செய்தேன்? ஏன் அப்படிச் செய்தேன்? அடுத்த முறை எதை மாற்றுவேன்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொள்வது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது நடக்கும் இடம் இதுதான். போர்ட்ஃபோலியோ தயாரிக்கப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் பெயர், மஹாரா. 2006-ல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்டது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘சிந்தனை’ என்று பொருள். சும்மா வைத்த பெயர் இல்லை.

பிரிட்டனில் இதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே நர்ஸ்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016-ல் வந்த முறைப்படி, 450 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். 35 மணி நேரம் புதிதாகக் கற்றிருக்க வேண்டும். அதோடு, வேலை அனுபவத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று ஐந்து குறிப்புகள் எழுத வேண்டும். நோயாளி யார் என்று அடையாளம் தெரியக்கூடாது. நம் ஊரிலிருந்து அங்கே போன நர்ஸ்களும் இதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து மூன்று வருடத்தை நினைவுபடுத்த முடியுமா என்ன?

எழுதக் கூச்சமாக இருந்தால் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கே நீங்கள் மெசேஜ் அனுப்பிக்கொள்ள முடியும். பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிட வாய்ஸ் நோட், சனிக்கிழமை அதை ஃபோல்டருக்கு மாற்றுவது. இப்படித்தான் நான் செய்கிறேன். சில சனிக்கிழமைகள் தவறிவிடும், பரவாயில்லை.

எடுக்கக்கூடாதவை

ஆபீஸ் ஃபைல்களைக் காப்பி அடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், ரகசிய ரிப்போர்ட் எதுவும் உங்களுடையது அல்ல. எடுத்துவந்தால் சட்டச் சிக்கல். அதை இன்டர்வியூவில் காட்டினால், ‘நாளைக்கு எங்க ஃபைலையும் இப்படித்தான் காட்டுவாரோ’ என்று எதிரில் இருப்பவர் நினைப்பார். பதிலாக, அதே மாதிரி ஒன்றைக் கற்பனை எண்களை வைத்து வீட்டில் செய்யுங்கள். அல்லது, பெயர்களைச் சொல்லாமல், என்ன சிக்கல், எப்படித் தீர்த்தேன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். வகுப்பறை போட்டோக்களில் குழந்தைகளின் முகம் தெரியக்கூடாது. நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்தால் போதும்.

சேமிக்கும் இடத்திலும் கவனம் தேவை. காலேஜ் மெயிலிலோ, ஆபீஸ் மெயிலிலோ தொடங்காதீர்கள். அங்கிருந்து வெளியே வந்தால் அதுவும் போச்சு. கூகுளிலும், இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதி 2023-ல் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் பிரமாதமான போர்ட்ஃபோலியோ செய்தவர்கள் உண்டு. 2020 முடிவோடு ஃபிளாஷ் நிறுத்தப்பட, அவை பிரவுசர்களில் திறக்காமல் போயின. அதனால் பி.டி.எஃப், ஜேபெக் போன்ற சாதாரண ஃபைல்களாக வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பென்டிரைவில் ஒரு காப்பி.

இன்னொரு சின்ன விஷயம்... லிங்க் அனுப்பும் முன் அதை லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், எதிர்ப்பக்கம் இருப்பவர் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

எல்லா வேலைக்கும் இது உதவுமா என்றால், இல்லை. டி.என்.பி.எஸ்.சி-க்கும் வங்கித் தேர்வுக்கும் தேர்வு மார்க்தான் பேசும். தனியார் நிறுவனங்களிலும் லிங்க்கைத் திறந்தே பார்க்காத ஹெச்.ஆர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும், ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்ற கேள்விக்குத் திணறாமல் உதாரணம் சொல்லவாவது அந்த மூன்று வரிகள் உதவும்.

என் தோழிக்கு வருவோம். இழந்ததை மீட்க அவருக்கு இரண்டு மாதங்கள் ஆயின. மெயிலின் ‘சென்ட்’ பகுதியில் பழைய வினாத்தாள்கள் கொஞ்சம் கிடைத்தன. ஒரு மாணவியின் அம்மா, மகளின் மூன்றாம் வகுப்பு கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். மீதியை நினைவிலிருந்து திரும்பச் செய்தார். கடைசியில் ஷோகேஸில் ஐந்து விஷயங்கள் வைத்தார். அதில் ஒன்று, காகித தோசையை வெட்டிப் பின்னம் சொல்லித்தரும் விளையாட்டு. அது முதல் முறை தோற்றுப்போன விளையாட்டு. ‘ஒரே தோசையை நாலாக வெட்டினேன். பிறகு அதையே எட்டாக வெட்டினேன். எட்டு பெரிய எண் என்பதால் எட்டில் ஒரு பங்குதான் பெரிது என்றார்கள் பிள்ளைகள். அடுத்த வருடம் இரண்டு தோசைகளை அருகருகே வைத்தேன்’ என்று கீழே எழுதியிருந்தார்.

அடுத்த இன்டர்வியூ வேறொரு நிறுவனத்தில். “முக்கால்வாசி நேரம் அந்தத் தோசையைப் பத்தியேதான் பேசினோம்” என்றார். ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாளே தன் சொந்த மெயிலில் புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்துவிட்டாராம்.