கால் ஊன்றும் தேதியை எழுதி வாங்குங்கள்

வாசல் தெளிக்கப் போன என் அம்மா ஈரப்படியில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு 63 வயது. கணுக்காலின் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன, தையல் பிரிக்க வரவேண்டிய தேதி இருந்தது. காலைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: நடக்கக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பார்க்க வந்த சித்தி, “படுத்தே கிடந்தா கால் மரத்துப்போயிடும்க்கா, மெல்ல ஊணிப் பழகு” என்றார். வலியும் குறைந்திருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய்வர ஆரம்பித்தார். ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து எலும்பு விலகியிருந்தது. மறுபடியும் ஆபரேஷன்.

வலி போனால் எலும்பு கூடிவிட்டது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. வலி பெரும்பாலும் சதைக்காயத்தையும் வீக்கத்தையும் சார்ந்தது, சில வாரங்களில் தணிந்துவிடும். பெரியவர்களுக்குக் கணுக்கால் எலும்பு கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதுவரை எலும்பை விலகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிளேட்டும் ஸ்க்ரூவும்தான். உடம்பின் முழு எடையையும் நெடுநாள் தாங்குவதற்காக அவை செய்யப்படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவமும் இதில் உதவாது. கால் கட்டைவிரல் மூட்டை நேராக்கும் அறுவை சிகிச்சை செய்தவர் கெட்டியான அடிப்பாகம் கொண்ட தனிச் செருப்புடன் ஓரிரு நாளில் நடந்துவிடக்கூடும். குதிகால் எலும்பு நொறுங்கியவர் மூன்று மாதம்வரை காலைத் தரையில் வைக்க முடியாமல் இருக்கலாம். ஒரே கணுக்கால் முறிவிலேயே ஒருவரை இரண்டாவது வாரம் ஊன்றச் சொல்லும் மருத்துவர், இன்னொருவரை ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார். முறிந்த விதம், எலும்பின் பலம், சர்க்கரை நோய், புகைப் பழக்கம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டியது இதுதான்: இப்போது காலை ஊன்றவே கூடாதா, தரையில் தொட மட்டும் செய்யலாமா, பகுதி எடை போடலாமா, முழு எடை போடலாமா? அடுத்த நிலைக்கு எந்தத் தேதியில் போவது, அதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? பதிலை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தன் சிகிச்சையைப் பற்றிய தகவலைத் தனக்குப் புரியும் மொழியில் பெறுவது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் அதுவும் ஒன்று.

“பகுதி எடை” என்றால் எவ்வளவு என்று பலருக்கும் குழப்பம். எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தால் போதும். 60 கிலோ எடையுள்ளவரை 15 கிலோ வரை ஊன்றச் சொல்லியிருந்தால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் மிஷின்மேல் வைத்து முள் 15இல் நிற்கும்வரை அழுத்திப் பார்க்கலாம். நாலைந்து தடவை செய்தால் அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடும்.

அக்குள் கட்டை வைத்து நடப்பவர்கள் உடம்பை அக்குளில் தொங்கவிடக் கூடாது. அங்கே ஓடும் நரம்பு நசுங்கினால் கை மரத்துப்போகும், மணிக்கட்டு தொங்கிவிடவும் கூடும். கட்டையின் மேல்நுனிக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடையை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பிறகு ஒற்றைக் கைத்தடிக்கு வரும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். அடிபட்ட பக்கம் பிடிப்பதுதான் இயல்பாக வரும், ஆனால் அது தவறு.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். நம் வீடுகளில் ஆபத்தான இடம் குளியலறையும் கழிப்பறையும்தான். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே இருந்தால், நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். மிதியடிகளை எடுத்துவிடுங்கள், இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்தால் வீக்கம் வடியும். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதென்று ஸ்கேலையும் பின்னல் ஊசியையும் விடாதீர்கள். உள்ளே கீறல் விழுந்து சீழ் பிடித்தால் வெளியே தெரிய நாளாகும். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம். எலும்பு கூடாத காலில் அது முறிவை விலக்கும்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரை போட்டும் காலை உயர்த்தியும் வலி ஏறிக்கொண்டே போவது, கால்விரல் நீலம் பாய்வது, சில்லிட்டு மரத்துப்போவது என்றால் கட்டு இறுகியிருக்கலாம், காலுக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். சில மணி நேரத் தாமதமே சதையைக் கெடுத்துவிடும். காய்ச்சலோடு காயத்தில் சிவப்போ சீழோ நாற்றமோ கண்டால் அது கிருமித் தொற்று. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். அப்போது உடனே 108.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாததால் காயத்தின்மேலேயே அவர்கள் நடப்பதுதான் என்று எடுத்துக்காட்டினார். நீண்ட நாள் சர்க்கரையால் உணர்ச்சி குன்றிய பாதத்துக்கும் இதே கதிதான். அங்கே வலி எச்சரிக்காது. எலும்பு கூடவும் அதிக காலம் ஆகும், ஆகவே மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நாள்கூட ஊன்றாமல் இருக்கச் சொல்வார்கள். கட்டுப் பிரித்த பிறகு தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்காதீர்கள்.

சீக்கிரம் ஊன்றிவிடுவதற்குப் பல வீடுகளில் காரணம் அவசரம் அல்ல, பணம். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஈஎஸ்ஐ அட்டை உள்ளவருக்கு, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையிடத்தில் பட்ட காயம் என்றால், மருத்துவச் சான்றின்படி வேலைக்குத் திரும்பும்வரை 90 சதவீதம். வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நேர்ந்த விபத்தையும் வேலையிடக் காயமாகவே கணக்கில் கொள்ள வழி உண்டு. தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சாலை விபத்தானால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பிசியோதெரபி ரசீதுகளையும், பிளேட்டைப் பிறகு எடுக்க ஆகும் செலவு பற்றிய மருத்துவரின் கடிதத்தையும் அதோடு சேர்க்கலாம்.

பிசியோதெரபியை ஆடம்பரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். கட்டுக்குள் கிடந்த கணுக்கால் இறுகிப்போயிருக்கும், கெண்டைக்கால் சூம்பியிருக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு உள்ளங்காலில் துண்டைப் போட்டு நம் பக்கம் இழுப்பது, காற்றில் கால்விரலால் அ, ஆ எழுதுவது போன்ற எளிய பயிற்சிகள்கூடப் பலன் தரும். மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். விவரத்துக்கு 104.

சிகிச்சையில் தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் ஆவணங்களைச் சேருங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூவின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம், மருத்துவரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் போகலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால், முடிவு சரியாக வராததே கவனக்குறைவு ஆகிவிடாது. என்ன சொன்னார்கள், நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. ‘நடக்கக் கூடாது’ என்ற அந்த ஒரு வரியைத் தவிர, எப்போது ஊன்றலாம் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு தேதியை எழுதி வாங்கினோம். எட்டு வாரம் அம்மா கால் ஊன்றவில்லை. இப்போது தெருமுனைக் கோயில்வரை தனியாகப் போய்வருகிறார். உங்கள் வீட்டில் காலில் கட்டோடு யாராவது இருந்தால், இன்றைக்கே அந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். தேதி இல்லையென்றால், அவர் காலைக் கீழே வைப்பதற்கு முன் மருத்துவருக்குப் போன் செய்து கேளுங்கள்.