பட்டினி போட்டாலும் ஆபத்து, புல் போட்டாலும் ஆபத்து... மினியேச்சர் குதிரைகளை வாட்டும் இன்சுலின் சிக்கல்!

மருத்துவமனை வராந்தாவில் ஒரு குட்டிக் குதிரை நடந்து வரும். படுக்கையில் இருக்கும் குழந்தை கையை நீட்டி அதன் பிடரியைத் தடவும். இப்படியொரு ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். அது குதிரைக்குட்டி அல்ல. முழுதாக வளர்ந்த மினியேச்சர் குதிரை.

அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்குப்படி, இந்தக் குதிரையின் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் வீட்டு டைனிங் டேபிளைவிடக் கொஞ்சம்தான் உயரம். பயிற்சி கொடுத்தால் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்ட விதிகள் 2011-ல் இவற்றுக்கும் இடம் கொடுத்தன.

உருண்டு திரண்ட உடம்பு, தடித்த கழுத்து, பொம்மை போன்ற நடை... பார்க்க அழகுதான். ஆனால், அந்தத் தடித்த கழுத்தைப் பார்த்தால் கால்நடை மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். பல நேரங்களில் அது நோயின் முதல் அடையாளம்.

கொழுகொழு உடம்பு... காரணம் என்ன?

குதிரைகளுக்கு வரும் இந்தக் கோளாறுக்கு 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று பெயர். மனிதர்களின் டைப் 2 சர்க்கரைநோய்க்கு ஒருவகையில் சொந்தக்காரன். ஒரு வித்தியாசம், குதிரைக்குப் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை ஏறாது. இன்சுலின்தான் அளவுக்கு மீறி ஏறும்.

மினியேச்சர் குதிரைகளின் மூதாதையரில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளைச் சேர்ந்த மட்டக்குதிரைகளும் உண்டு. குளிரும் காற்றும் வீசும் அந்தத் தீவுகளில் கிடைத்த கொஞ்சம் புல்லிலேயே உயிர் பிழைத்த இனம் அது. சிக்கனமாகச் செலவழித்து, மிச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும் உடம்பு. அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுபோய் வருடம் முழுக்கப் பச்சைப் பசேல் என்றிருக்கும் புல்வெளியில் விட்டால் என்ன ஆகும்? கழுத்தின் மேல்பகுதியிலும் வால் அடியிலும் கட்டிக்கட்டியாகக் கொழுப்பு சேரும்.

கழுத்தில் கொழுப்பு... காலில் வலி!

இந்த நோயின் கொடுமையான பகுதி, அது தாக்கும் இடம்: குளம்பு.

குதிரையின் குளம்பும் அதற்குள் இருக்கும் எலும்பும் மெல்லிய மடிப்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கும். 'நகமும் சதையும் போல' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். இன்சுலின் தொடர்ந்து கூடினால் அந்தப் பிடிப்பு நீண்டு, தளர்ந்துபோகும். முற்றினால் எலும்பு உள்ளுக்குள் திரும்பும் அல்லது கீழே இறங்கும். நிற்பதே வேதனையாகிவிடும். இதுதான் 'லாமினைட்டிஸ்'. வலியைக் கட்டுப்படுத்தவே முடியாத நிலையில் குதிரையைக் கருணைக்கொலை செய்யவேண்டிய கட்டாயமும் வருகிறது.

இன்சுலின்தான் குற்றவாளி என்பதை 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்குத் தொடர்ந்து இன்சுலின் செலுத்தினார்கள். ரத்தச் சர்க்கரை மட்டும் இயல்பாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள்களுக்குள் இன்சுலின் பெற்ற எல்லாக் குதிரைகளுக்கும், நான்கு கால்களிலும் லாமினைட்டிஸ் வந்தது.

நடக்கத் தயங்குவது, திரும்பும்போது தடுமாறுவது, முன்னங்கால்களை முன்னால் நீட்டி எடையைப் பின்னால் சாய்த்து நிற்பது, குளம்பைத் தொட்டால் சூடாக இருப்பது... இவையெல்லாம் எச்சரிக்கை மணிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அப்படியானால் பட்டினி போடலாமா?

'குண்டாகிவிட்டதா, இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்து' என்று யாருக்கும் தோன்றும். மினியேச்சர் குதிரை விஷயத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

சாப்பாடு நின்றதும் உடம்பு சேமித்துவைத்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். 'போதும், நிறுத்து' என்று தடை போடவேண்டியது இன்சுலினின் வேலை. ஆனால், ஏற்கெனவே இன்சுலின் பேச்சைக் கேட்காத உடம்பாயிற்றே! கொழுப்பு மடை திறந்த வெள்ளமாகப் பாய்கிறது. ரத்தத்தின் திரவப் பகுதி பால் கலந்ததுபோல வெளுக்கிறது. கல்லீரல் கொழுப்பால் நிறைந்து செயலிழக்கிறது. இதற்கு 'ஹைப்பர்லிபீமியா' என்று பெயர்.

மினியேச்சர் குதிரை, மட்டக்குதிரை, கழுதை ஆகிய மூன்றுக்கும்தான் இந்த ஆபத்து அதிகம். நிறைமாத சினைக் குதிரைகளும் பால் கொடுக்கும் தாய்க் குதிரைகளும் இன்னும் எளிதில் சிக்கும். வேண்டுமென்றே பட்டினி போட வேண்டும் என்பதுகூட இல்லை. நீண்ட பயணம், காய்ச்சல், வயிற்றுவலி என்று எதனால் சாப்பாடு நின்றாலும் போதும். சின்னத் தாடைக்குள் பெரிய பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால், பல்வலியும் இவற்றுக்கு அடிக்கடி வரும்.

அதனால்தான், மினியேச்சர் குதிரை ஒருவேளை தீவனத்தைத் தொடவில்லை என்றாலே அதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடக் கூடாது.

நடுவில் ஒரு வழி... தராசு!

கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றால் கண் அளவை நம்ப முடியாது. கையில் தராசு வேண்டும்.

* எடைபோட்டுக் கொடுப்பது: எடை குறைக்கவேண்டிய குதிரைக்கு, உடல் எடையில் சுமார் 1.5 சதவிகிதம் காய்ந்த புல் ஒரு நாளைக்குக் கொடுக்கலாம். 100 கிலோ குதிரைக்கு 1.5 கிலோ. அரை கிலோ கூடுதலாக விழுந்தால், 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கு அது பெரிய விஷயமில்லை. மினிக்கு அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சாப்பாடு!

* மெதுவாகக் குறைப்பது: வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவிகிதம் குறைந்தால் போதும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தீவனத்தை வெட்டக் கூடாது.

* ஊறவைத்த புல்: காய்ந்த புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். தாது உப்புகளும் கொஞ்சம் போகும் என்பதால் அவற்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

* மேய்ச்சல் நேரம்: புல் பகலெல்லாம் வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது, இரவில் அதைச் செலவழிக்கிறது. எனவே விடியற்காலைப் புல்லில் சர்க்கரை குறைவு, பிற்பகல் புல்லில் அதிகம். உறைபனிக் குளிர் அடித்த இரவுக்கு மறுநாள் இந்தக் கணக்கு பொய்க்கும். குளிரில் புல் வளராததால் சர்க்கரை செலவாகாமல் அப்படியே இருக்கும்.

* வாய்க்கூடை: மண் தின்னும் கன்றுக்குட்டிக்குக் கட்டுவார்களே, அதுபோல ஒரு கூடை. அடியில் சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் குடிக்கலாம், புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடிக்க முடியும்.

* நடை: கால் வலி இல்லாத குதிரைக்கு மட்டும். லாமினைட்டிஸ் இருக்கும்போது நடக்கவைத்தால் குளம்பு மேலும் கெடும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் நமக்குப் பழக்கமானதுதான். கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுப்பார்கள் அல்லவா? குதிரைக்குக் கார்ன் சிரப்பை வாயில் செலுத்தி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து இன்சுலினைப் பார்க்கிறார்கள்.

கோடையிலும் உதிராத ரோமம்

பெரும்பாலும் 15 வயதைத் தாண்டிய குதிரைகளுக்கு வருவது இன்னொரு ஹார்மோன் பிரச்னை. 'பி.பி.ஐ.டி' என்பார்கள். குஷிங்ஸ் நோய் என்றும் பெயர் உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குக் கடிவாளம் போடுவது டோபமைன். வயதாக ஆக அந்தப் பிடி தளரும்போது, சுரப்பி தறிகெட்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது.

குளிர்காலத்துக்காக வளர்ந்த அடர்ந்த ரோமம் கோடையிலும் உதிராது. முதுகுத் தசை வற்றும், வயிறு தொங்கும். தாகமும் சிறுநீரும் கூடும். மினியேச்சர் குதிரைக்கு இயல்பிலேயே ரோமம் அடர்த்தி என்பதால், 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த நோயோடு இன்சுலின் கோளாறும் சேர்ந்தால் லாமினைட்டிஸ் ஆபத்து கூடுகிறது.

இதற்கான மருந்து பெர்கோலைடு. ஒருகாலத்தில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்பட்டது. இதய வால்வைப் பாதிப்பதாகத் தெரிந்ததால், 2007-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-ல் அதே மருந்துக்கு குதிரைகளுக்காக அங்கே ஒப்புதல் கிடைத்தது. நோய் குணமாகாது, கட்டுக்குள் இருக்கும். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கான ஒரு மாத்திரை 100 கிலோ மினிக்கு ஐந்து மடங்கு அதிகம் என்பதால், அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். மருந்து தொடங்கியதும் சில குதிரைகளுக்குப் பசி குறையும். மினியேச்சர் குதிரைக்குப் பசி குறைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். முதல் சில வாரங்கள் தீவனத் தொட்டியில் ஒரு கண் இருக்க வேண்டும்.

நல்ல கவனிப்பு இருந்தால் மினியேச்சர் குதிரைகள் 25 வயதைத் தாண்டியும் வாழும். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். தாத்தா தரும் பிரெட் துண்டு, குழந்தை தரும் ஆப்பிள், பக்கத்து வீட்டுக்காரர் வேலி வழியே நீட்டும் கேரட்... எல்லாமே அந்த 100 கிலோ உடம்புக்குள்தான் போகிறது. அன்பைக் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பிரஷ் கொடுத்து, பிடரியைச் சீவிவிடச் சொல்லலாம். கழுத்தில் கொழுப்பு கூடுகிறதா என்பதும் அப்போது கைக்குத் தெரிந்துவிடும்.