காணொளி வகுப்பும் மாணாக்கரின் விருப்பமும்

தொலைதூரக் கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல் வழிப் பாடங்களைத் தொடங்கிற்று. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் வாயிலாகக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. இவ்விரு முறைகளிலும் ஒரு குறை இருந்தது: மாணாக்கர் பாடத்தைப் பெறலாம், ஐயம் எழுந்தால் உடனே வினவ இயலாது. அக்குறையைக் காணொளிக் கலந்துரையாடல் நீக்குகிறது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, அது கைப்பேசி வழியே வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

ஆயினும் ஆசிரியர் பலர் அப்பொழுது கண்ட காட்சி ஒன்றுண்டு. திரையில் பெயர்கள் வரிசையாக நிற்கும், முகங்கள் தோன்றா. வினவினால் மறுமொழி வாராது. இதனை மாணாக்கரின் விருப்பமின்மை என்று கொள்ளலாமா?

புதிய சாதனம் ஒன்றை மக்கள் ஏற்பது எதனால் என்பதை விளக்கும் கோட்பாடு ஒன்றினை அமெரிக்க அறிஞர் பிரெட் டேவிஸ் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அலுவலகங்களில் கணினியைக் கையாளுவோரை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட அக்கோட்பாடு, பின்னர்க் கல்வித் துறையிலும் பெரிதும் எடுத்தாளப்பட்டது. 'இதனால் எனக்குப் பயன் உண்டு', 'இதனைக் கையாளுவது எளிது' என்னும் இரு நம்பிக்கைகளிலிருந்தே விருப்பம் பிறக்கிறது என்பது அதன் சாரம்.

விருப்பம் இருந்தும் வசதி இல்லாதிருக்கலாம். 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இணைய வசதி பெற்ற குடும்பங்கள் நகரங்களில் 100-க்கு 42. கிராமங்களில் 15 மட்டுமே. அதன் பின்னர் இவ்விகிதம் உயர்ந்துள்ளது. எனினும் ஒரே கைப்பேசியைத் தந்தையும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும் இல்லங்கள் பலவுள.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 10 இலட்சம் பிட் வீதம் படமும் ஒலியும் வந்தால், ஒரு மணி நேர வகுப்புக்கு 450 மெகாபைட் செலவாகும். விநாடிக்கு 64,000 பிட் வீதம் ஒலி மட்டும் வந்தால் 29 மெகாபைட் போதும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வகுப்பு நடைபெற்றால், முதல் வகையில் 1,800 மெகாபைட்டும் இரண்டாம் வகையில் ஏறத்தாழ 115 மெகாபைட்டும் ஆகும். ஆகவே படத்தை நிறுத்திவைக்கும் மாணவன், வகுப்பின் இறுதிவரை இருக்க வேண்டும் என்னும் ஆவலினாலேயே அவ்வாறு செய்யக்கூடும். ஓரறை வீட்டில் சமையலும் உரையாடலும் நடைபெறும் இடத்தைப் பிறர் காண நாணும் மாணவியும் உண்டு.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை சில உள. படத்தைத் திறப்பதைக் கட்டாயமாக்காமல், வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் முகங்காட்டச் சொல்லலாம். 'புரிந்ததா?' என்று பொதுவாக வினவாமல், பெயர் சொல்லி எளிய வினா ஒன்றைக் கேட்கலாம். பேசத் தயங்குவோர் எழுத்தில் விடையளிக்க இடந்தரலாம். பாடக்குறிப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், இணைப்பு அறுந்தாலும் பாடம் அறுபடாது. விரிவுரையைப் பதிவு செய்து அளித்து, கலந்துரையாடும் நேரத்தை ஐயந்தீர்க்க ஒதுக்குவது இன்னும் நன்று. நேரில் வினவக் கிடைக்கும் வாய்ப்பே இச்சாதனத்தின் தனிப்பயன்.

களப்பணியாளரின் பொறுப்பும் சிறிதன்று. 'ஆர்வமில்லை' என்று அறிக்கையில் எழுதுமுன், அவ்வீட்டில் கைப்பேசி எத்தனை, அது மாணாக்கருக்குக் கிடைக்கும் நேரம் எது, அலைவரிசை எட்டும் இடம் எது என்னும் மூன்றையும் விசாரித்தறிதல் வேண்டும். அறிக்கையில் ஏறும் அந்த ஒரு சொல்லினால், உதவி பெற வேண்டிய பிள்ளை பட்டியலிலிருந்து நீங்கிவிடக்கூடும். வசதி குறைவு எனில் அதனை வசதிக் குறைவு என்றே எழுதுக. பரிகாரம் தேட அதுவே முதற்படி.