சிற்றூர்க் கல்லூரியும் தனிமையும்



கல்லூரி என்றதும் பெருநகரமும் பெருங்கூட்டமுமே நம் நினைவிற்கு வரும். அமெரிக்க நாட்டிலோ, வயல்வெளிகளுக்கு நடுவே ஆயிரம் இரண்டாயிரம் மாணவருடன் நடைபெறும் கலைக் கல்லூரிகள் பல உண்டு. இலக்கியம், வரலாறு, மெய்யியல், அறிவியல் ஆகியவற்றை ஒருசேரக் கற்பிப்பவை இவை. நம் நாட்டுப் பிள்ளைகளும் இவற்றை நாடிச் செல்கின்றனர். ஆதலின் அங்குள்ள வாழ்க்கையை அறிந்திருத்தல் நலம்.

இவை சிற்றூர்களில் அமைந்தது தற்செயலன்று. 1824-இல் ஒஹையோ மாநிலத்தில் கென்யன் கல்லூரியை நிறுவிய பிலாண்டர் சேஸ் என்னும் பிஷப், நகரத்தின் கவர்ச்சிகள் மாணவரை அணுகலாகாது என்று கருதியே, பின்னர் அதனைக் கேம்பியர் குன்றின்மேல் அமைத்தார். அயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில் ஏறத்தாழ 1,700 மாணவர் பயில்கின்றனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகையே சுமார் 9,500தான். மாநிலத் தலைநகரமோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இத்தகைய இடத்தில் ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைப்பார். நட்பும் விரைவில் வேரூன்றும். ஆயினும் நன்மை தரும் அச்சிறுமையே துன்பமும் தரக்கூடும். நகரத்தில் ஒரு குழுவினரோடு மனம் வேறுபட்டால் வேறொரு குழுவை நாடலாம். இங்கோ வகுப்பிலும் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் எதிர்ப்படுவன அதே முகங்கள். நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாள் விடுமுறையில் பலரும் வீடு திரும்ப, அயல்நாட்டு மாணவன் வெறிச்சோடிய விடுதியில் தங்க நேரும். எல்லோரும் அறிந்த ஊரில் எவருக்கும் உரியவனாக இல்லாத நிலை அது.

தொலைவு ஒன்றே இதற்குக் காரணமாகுமா? கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் 1917-இல் தோன்றிய டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியைப் பாருங்கள். அங்கு மாணவர் முப்பதின்மருக்கும் குறைவு. கல்விப் பருவத்தில் அவர்கள் பொதுவாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளிச் செல்வதில்லை. ஆனால் பால் கறப்பதும் சமைப்பதும் பண்ணையைப் பேணுவதும் அவர்கள் பொறுப்பு. புதிய மாணவரைத் தேர்வதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஒருவன் வேலைக்கு வாராவிடில், அவன் இல்லாமை அன்றே உணரப்படும். விரும்பி ஏற்பது ஏகாந்தம். விரும்பாமல் வந்து சூழ்வதே தனிமை. இரண்டையும் வேறுபடுத்துவது, நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு கடமையே.

பிறமொழி நிலத்தில் குடியேறிய நமக்கு இது புதிய செய்தியன்று. அண்டை வீட்டாரின் பெயரை அறிந்ததால் மட்டும் உறவு வந்துவிடவில்லை. பொங்கல் விழாவிற்குப் பாய் விரிக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்த அன்றே தமிழ்ச் சங்கம் நம்முடையதாயிற்று.

ஆகவே, பிள்ளையை அத்தகைய கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் நகரம் எவ்வளவு தொலைவு என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டா. விடுமுறையில் உணவுக்கூடம் திறந்திருக்குமா, உள்ளூர்க் குடும்பம் எதுவும் அழைத்து உபசரிக்குமா, மனம் சோர்ந்தால் யாரிடம் செல்லலாம் என்றும் கேளுங்கள். பிள்ளையிடம், “நன்றாகப் படிக்கிறாயா?” என்பதோடு, “இன்று யாரோடு உண்டாய்?” என்றும் கேளுங்கள். அவ்வினாவிற்கு வரும் விடை, மதிப்பெண் கூறாத பலவற்றைக் கூறும்.