உங்களுக்குத் தெரியுமா? கத்தி பட்டால் பெருகும் புண்

ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தையல் ஓரத்தில் சின்னக் கொப்புளம் தெரியும். அது உடைந்து, இரண்டொரு நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிடும். ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் தடித்து, அடியில் குடைந்திருக்கும். காய்ச்சலும் உயிர் போகிற வலியும் சேர்ந்துகொள்ளும். யார் பார்த்தாலும் 'சீழ் பிடித்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள். ஆனால் சீழை எடுத்து கல்ச்சர் செய்தால் பெரும்பாலும் கிருமி வளராது. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி ஏற்றினாலும் கேட்காது. இந்த அபூர்வ நோய்க்கு பயோடெர்மா கேங்கிரினோசம் என்று பெயர்.

பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பிரன்ஸ்டிங், கோக்கர்மேன், ஓ'லியரி ஆகியோர் இதைக் கிருமித் தொற்று என நினைத்து வைத்த பெயர் அது. உண்மையில் இது தொற்றும் அல்ல, அழுகலும் அல்ல. நம்மைக் காக்க வேண்டிய நியூட்ரோஃபில் வெள்ளணுக்களே தோலில் வந்து குவிந்து அதைத் தின்கின்றன.

தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே நோய் சீறி எழுவதை மருத்துவர்கள் 'பாத்தெர்ஜி' என்கிறார்கள். நெஞ்சைப் பதறவைப்பது இதுதான்: அழுகல் என்று நம்பிப் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தால், வெட்டிய இடமெல்லாம் புதுப் புண் ஆகிறது. மறுபடி வெட்டு, மறுபடி புண். கை கால் இழந்தவர்களும் உண்டு.

ஆபரேஷனுக்குப் பின் வரும் வகை, மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் அதிகம் தென்படுகிறது. அங்கே முலைக்காம்பை மட்டும் புண் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். நோயை அடையாளம் காண அதுவே ஒரு தடயம்.

ஓரத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்த பிறகு கொடுக்கும் மருந்து ஸ்டீராய்டு. சரியான மருந்து விழுந்தால் சில நாளிலேயே வலி தணியத் தொடங்கும். புண் ஆற மாதங்கள் ஆகலாம். பிரிட்டனில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வெளியானது. இரண்டிலும் ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கே புண் முழுதாக ஆறியிருந்தது. கேட்காதவர்களுக்கு இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் உண்டு.

டிரெஸ்ஸிங் புண்ணில் ஒட்டக் கூடாது. பிளாஸ்டரை வெடுக்கென்று பிய்த்தால் அதுவும் காயம்தான்.

ஆறிய இடம் சல்லடைபோலக் குழி குழியாக இருக்கும். அடுத்த ஆபரேஷன் எதுவானாலும் அந்தத் தழும்பை முதலிலேயே சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்.