அம்மா தனியா வெளிநாடு போகணும்னு சொன்னா, காசு எங்கிருந்து எடுக்கணும்?

நான் பிராக்டிஸ் பண்றது செவ்வாப்பேட்டையில. இங்க காலையில ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்னு பார்த்தீங்கன்னா, காக்களூர், அம்பத்தூர்னு வேலைக்குப் போற பெண்கள் கூட்டம் தெரியும். கும்மிடிப்பூண்டி பக்கம் போறவங்களும் உண்டு. இவங்கள்ல நிறைய பேர் இப்போ ஐம்பதைத் தொட்டவங்க. பிள்ளைங்க படிச்சு முடிச்சு பெங்களூரு, ஹைதராபாத்னு போயாச்சு. வீட்ல சத்தம் குறைஞ்சிருக்கு, செலவும் குறைஞ்சிருக்கு. அப்பத்தான் ஒரு நாள் அம்மா சொல்றாங்க: "ஒரு தடவை மலேசியா போயிட்டு வரணும். நான் மட்டும்."

இதைப் படிக்கிற நீங்க அந்தப் பிள்ளையா இருக்கலாம். முதல் வாரம் "உனக்கு எதுக்கும்மா தனியா?"ன்னு கேட்பீங்க. ரெண்டாவது வாரம் மனசு கேட்காம, பர்சனல் லோன் ஆப்பைத் திறப்பீங்க. இல்லன்னா அம்மாவே "என் பிஎஃப்ல இருக்கே, எடுத்துக்கிறேன்"னு சொல்வாங்க. இந்த ரெண்டும் வேண்டாம்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. போக வேண்டாம்னு சொல்லலை. தாராளமா போகட்டும். காசு எந்தப் பையில இருந்து போகுதுங்கறதுதான் விஷயம்.

சம்பளம் பெருசா இல்லாதவங்களால இது முடியுமான்னு கேட்டா, பக்கத்து கேரளாவிலேயே ஆள் இருக்காங்க. எர்ணாகுளம் பக்கம் மளிகைக்கடை நடத்தும் மோளி ஜாய், கணவர் இறந்த பிறகு கடையை வச்சே பிள்ளைகளை ஆளாக்கினவங்க. பிள்ளைங்க அவங்கவங்க வாழ்க்கைக்குப் போன பிறகு, 2012-ல முதல் தடவையா ஐரோப்பா போனாங்க. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள பதினோரு நாடு. குடும்பத்துல இருந்து ஒருத்தரும் கூட வராம, டூர் குழுவோட தனி ஆளா சேர்ந்து போறது அவங்க வழி. நம்ம அம்மாக்களுக்கும் முதல் பயணத்துக்கு அதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

இன்னொரு கதை உங்க எல்லாருக்கும் தெரியும். கொச்சியில டீக்கடை வச்சிருந்த விஜயன் - மோகனா தம்பதி. தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பாங்க, பத்தாததுக்கு பேங்க் லோன் வாங்கி ஒரு நாட்டைப் பார்த்துட்டு வருவாங்க, கடனை அடைப்பாங்க, அடுத்த நாடு. 2021 நவம்பர்ல விஜயன் இறந்துட்டார். இதை எடுத்துக்காட்டி "அவங்க லோன் போட்டுத்தானே போனாங்க"ன்னு கேட்கிறவங்க உண்டு. டீக்கடைக்கு 58 வயசுல ரிடையர்மென்ட் கிடையாதுங்க. தினசரி கல்லாவுல காசு விழும். ஃபேக்டரியில வேலை பார்க்கிற அம்மாவுக்கு அப்படி இல்லை.

பிஎஃப் ஏன் கூடாது?

ஒரு உதாரணம் போடுவோம். அம்மாவுக்கு 52 வயசு, மாசச் சம்பளம் 19,000. ரிடையர் ஆகும்போது 20 வருஷ சர்வீஸ் முடிஞ்சிருக்கும். பென்ஷனுக்குக் கணக்கு எடுக்கிற சம்பள உச்சவரம்பு 15,000. இருபது வருஷத்துக்கு 2 வருஷம் போனஸ் சேர்த்து 22. அதை 15,000-ஆல பெருக்கி 70-ஆல வகுத்தா 4,714 ரூபாய். இதுதான் மாசப் பென்ஷனோட உச்சம். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு வரம்பு 6,500-தான் என்பதால, கைக்கு வருவது இன்னும் குறையும். ஆக, அவங்க வயசான காலத்துக்கு உண்மையான துணை பிஎஃப் பேலன்ஸ் மட்டும்தான்.

அதுல இருந்து இன்னைக்கு 1,50,000 எடுத்தா, போறது வெறும் ஒன்றரை லட்சம் இல்லை. 2024-25-க்கு அறிவிச்ச 8.25% வட்டி அப்படியே தொடர்ந்தா, 58 வயசுல அந்தத் தொகை சுமார் 2,41,000 ஆகியிருக்கும். 2025 அக்டோபர்ல இபிஎஃப்ஓ மத்திய அறங்காவலர் குழு, பகுதிப் பணம் எடுக்கும் விதிகளை எளிமையாக்க முடிவு பண்ணிச்சு. சிறப்புச் சூழ்நிலைன்னு ஒரு பிரிவு, அதுல காரணமே சொல்ல வேண்டாம். கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு இது நல்லதுதான். ஆனா எடுக்கிறது சுலபமாகும்போது, எடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு வீட்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்கதான்.

உங்க பேர்ல லோன் போட்டா? 1,50,000 ரூபாய், 14% வட்டி, 24 மாசம்: இஎம்ஐ ஏறக்குறைய 7,200, மொத்த வட்டி 22,800 சொச்சம். அம்மா திரும்பி வந்து ரெண்டு தீபாவளி ஆன பிறகும் நீங்க கட்டிக்கிட்டு இருப்பீங்க. அது அவங்களுக்குத் தெரிஞ்சா, போன சந்தோஷமும் போயிடும்.

ஒரு வருஷம், மூணு பேர்

நான் சொல்ற வழி ரொம்ப சாதாரணமானது. அம்மா பேர்ல, அவங்க சம்பளக் கணக்குக்கு சம்பந்தமில்லாத தனி சேமிப்புக் கணக்கு. அதுல 12 மாசத்துக்கு ஒரு ஆர்டி. மகன் 5,000, மகள் 4,000, அம்மா 3,000. மொத்தம் மாசம் 12,000. 6.5% வட்டின்னு வச்சா வருஷக் கடைசியில 1,49,000 வரும்.

அம்மா பங்கு 3,000 எதுக்குன்னு கேட்கலாம். பிள்ளைங்க வெளியூர் போன பிறகு ஹாஸ்டல் ஃபீஸ், பஸ் பாஸ், ரெண்டு பேர் சாப்பாடுன்னு வீட்டுச் செலவுல ஒரு தொகை மிச்சமாகும். அது எங்க போகுதுன்னு பார்த்தா, சீட்டு, மொய், சொந்தக்காரங்களுக்குக் கைமாத்துன்னு கரைஞ்சிருக்கும். அந்த மிச்சத்துக்கு ஒரு பேர் வச்சாத்தான் அது நிக்கும். இன்னொண்ணு, அவங்க காசும் கலந்திருந்தா எந்த ஊர், எத்தனை நாள்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. முழுக்க நீங்க கொடுத்தா, முடிவும் உங்ககிட்ட வந்துடும். இது அக்கவுன்ட்ஸ்ல வராத விஷயம், ஆனா நான் நிறைய வீட்ல பார்த்தது.

வரி பயம் வேண்டாம். பிள்ளைங்க அம்மாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு, எவ்வளவா இருந்தாலும், அவங்க கையில வரி இல்லை. ஆர்டி வட்டி உங்க வருமானத்தோட சேராது. மனைவிக்குக் கொடுத்தாத்தான் அந்தச் சிக்கல். அம்மாவோட வருஷ வருமானம் 2,28,000. புது முறையில அடிப்படை விலக்கே 4 லட்சம் என்பதால அவங்களுக்கும் வரி வராது.

பில்லுல ரெண்டு வரி இருக்கும், ஒண்ணு திரும்பி வரும்

டூர் ஆபரேட்டர்கிட்ட பேக்கேஜ் எடுத்தா, ஜிஎஸ்டி ஒண்ணு, டிசிஎஸ் ஒண்ணு. ஜிஎஸ்டி போனது போனதுதான். டிசிஎஸ் உங்க பான் கணக்குல வரவு வைக்கப்படுற முன்பணம். 2025-26-ல 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%. 2026 பட்ஜெட் அறிவிப்புப்படி, 2026 ஏப்ரல் 1-லிருந்து தொகை வரம்பே இல்லாம 2%. அதாவது 1,20,000 பில்லுக்கு 6,000 பிடிச்ச இடத்துல இனி 2,400.

இங்கதான் பான் விஷயம் வருது. பில் யார் பேர்ல, யார் பான்ல போடுறாங்களோ அவங்களுக்குத்தான் வரவு. பணம் கட்டுறது நீங்கன்னா உங்க பான் கொடுங்க. ஆபீஸ்ல சொல்லி அந்த டிசிஎஸ்ஸை சம்பள டிடிஎஸ்ல கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்லயே இதுக்கு வழி வந்தாச்சு. அம்மா கணக்குல இருந்து போனா அம்மா பான். அப்போ அவங்க ஐடிஆர் போட்டாத்தான் ரீஃபண்ட் வரும். அம்மாவோட பான் ஆதாரோட இணைஞ்சிருக்கான்னு முன்னாடியே பாருங்க. இணையாத பானுக்குக் கூடுதல் விகிதத்துல பிடிப்பாங்க.

பேக்கேஜ் இல்லாம டிக்கெட் தனியா, ஹோட்டல் தனியா வேற வேற இடத்துல புக் பண்ணா இந்த டிசிஎஸ் கிடையாது. அதுக்காக மட்டும் பேக்கேஜை விட வேண்டாம். முதல் தடவை போற அம்மாவுக்கு ஏர்போர்ட்ல ஒரு ஆள் நிக்கிறது அந்த ரெண்டாயிரத்தை விடப் பெருசு. பேக்கேஜ்ல கவனிக்க வேண்டியது வேற: விளம்பரத்துல போடுற விலை ஒரு ரூமுக்கு ரெண்டு பேர் கணக்கு. தனி ரூம் வேணும்னா கூடுதல் கட்டணம். இல்லன்னா குழுவுல வர்ற இன்னொரு பெண்ணோட ரூம் பகிர்ந்துக்க ஏற்பாடு பண்ணுவாங்களான்னு, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க.

வருஷத்துல வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணா, வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ஐடிஆர் கட்டாயம். தனக்குன்னு மட்டும் இல்லை, வேற ஒருத்தருக்காகச் செலவு பண்ணாலும் கணக்குதான். நம்ம பட்ஜெட் அதுக்குள்ளதான் இருக்கு, ஆனா ஷாப்பிங்கைப் பார்த்துட்டு மலேசியாவோட சிங்கப்பூரும் சேர்க்கிறவங்க இதை மறக்க வேண்டாம். எல்டிஏ-வுல இதைக் காட்ட முடியுமான்னு கேட்காதீங்க. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்.

பேப்பர் வேலை

மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம். அதுக்கு அப்புறம்னா புக் பண்றதுக்கு முன்னாடி நிலவரம் பார்த்துக்கங்க. டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் போறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். சிங்கப்பூருக்கு விசா உண்டு.

பாஸ்போர்ட் புதுசா எடுக்கிறதுக்கு 1,500 ரூபாய். நம்ம ஊர்ல இனிஷியலோட ஒரே பேர்ல இருப்போம். பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியா விடாதீங்க, இனிஷியலை விரிச்சு அப்பா பேரோ கணவர் பேரோ போடுங்க. 2022 நவம்பர்ல இருந்து ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோட சுற்றுலா விசாவுல வர்றவங்களை ஐக்கிய அரபு அமீரகம் தடுக்குது. அம்மாவுக்கு அடுத்த ஆசை துபாயா இருக்கலாமே. பத்தாவது முடிக்காதவங்களுக்கு இசிஆர்னு வரும்னு பயமுறுத்துவாங்க (நம்ம ஈசிஆர் ரோடு இல்லை). ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு அது கிடையாது, சுற்றுலாவுக்கு அது தடையும் இல்லை.

லீவையும் கணக்குல சேருங்க. ஃபேக்டரியில 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு. 280 நாள் போயிருந்தா 14 நாள். ஒரு வாரப் பயணத்துக்குச் சம்பளம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தா போதும். அப்புறம் இஎஸ்ஐ கார்டு கோலாலம்பூர்ல செல்லாது, அதனால டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். சுகர், பிரஷர் இருந்தா பாலிசி எடுக்கும்போதே சொல்லிடுங்க. மறைச்சா க்ளெய்ம் நிக்காது.

கடைசியா, போன். நிறைய அம்மாக்களோட பேங்க் கணக்குல மகன் நம்பர்தான் இருக்கும். அவங்க அங்க கார்டைத் தேய்ச்சா, ஓடிபி பெங்களூருல மீட்டிங்ல இருக்கிற உங்களுக்கு வரும். ஒரு மாசம் முன்னாடியே நம்பரை அவங்களோடதா மாத்துங்க, ரோமிங் போடுங்க. கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அவங்க கையாலேயே ஆன் பண்ணச் சொல்லுங்க. 2020-ல வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுல அது ஆஃப்லதான் வரும். கடையில "ரூபாயில எடுக்கவா, ரிங்கிட்ல எடுக்கவா"ன்னு மெஷின் கேட்டா ரிங்கிட்னு சொல்லச் சொல்லுங்க. ரூபாய்னு அமுக்கினா அவங்க வைக்கிறதுதான் ரேட்.

திரும்பி வந்த பிறகு பர்ஸ்ல கொஞ்சம் ரிங்கிட் மிச்சம் இருக்கும். 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டைக் கையில வச்சுக்கலாம். அடுத்த ஆர்டியை எப்போ ஆரம்பிக்கலாம்னு அம்மா கேட்டா, அந்த நோட்டை மாத்தாம அப்படியே வச்சிருக்கச் சொல்லுங்க.