‘மறுகா’ என்னும் மட்டக்களப்புச் சொல்

மட்டக்களப்பாரை மற்ற ஊரார் ஒரே சொல்லில் இனங்கண்டு கொள்வர். அந்தச் சொல் ‘மறுகா’. வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, இச்சொல் விழாத உரையாடலைக் கேட்பது அரிது.

அகராதிப் பொருள் கேட்டால் ‘பிறகு’ என்று சொல்லிவிடலாம். ஆனால் வழக்கில் அது எடுக்கும் கோலங்கள் பல. “மறுகா வாறன்” என்றால் பின்னர் வருகிறேன். “மறுகாவும் மழை வருகுது” என்றால் மீண்டும் மழை. “மறுகா என்ன செய்யிற?” என்பதில் வேறு வழியில்லை என்ற பெருமூச்சு இருக்கிறது. கதை சொல்லும் மூதாட்டி சற்று ஓய்ந்தால் பேரப்பிள்ளை “மறுகா?” என்று கேட்கும். அங்கே அது ‘மேலே சொல்லுங்கள்’ எனும் வேண்டுகோள்.

இதன் பிறப்பைத் தேடினால் நல்ல தமிழிலேயே வந்து நிற்போம். ‘கால்’ என்பதற்குத் தடவை என்றொரு பொருளுண்டு. ஒருகால், பல்கால், முக்கால் வலம்வருதல் என்பன அப்பொருளில் வருவன. ‘ஒருக்கால்’ பேச்சில் ‘ஒருக்கா’ ஆனது போலவே ‘மறுகால்’ ஈற்று லகரம் கெட்டு ‘மறுகா’ ஆயிற்று. அடுத்த தடவை என்ற பொருள் ‘அதன் பின்’ என்று விரிந்தது இயல்பே. தமிழகத்தின் தென்பகுதியில் ‘மறுக்கா’ என்பர்; அங்கு ‘மீண்டும்’ என்ற அளவோடு பொருள் நின்றுவிடுகிறது. நெல்லைச் சீமையில் குளம் ‘மறுகால் பாய்வது’ வேறு. அந்தக் கால் வாய்க்கால்.

“மறுகா என்னகா?” என்று கேட்கும்போது இரண்டு ‘கா’ வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. முன்னது காலின் குறுக்கம். பின்னது, எதிரே நிற்பவரை உரிமையோடு விளிக்கும் இடைச்சொல். தொல்காப்பியர் இடையியலில் எண்ணும் அசைநிலைச் சொற்களுள் ‘கா’வும் ஒன்று என்பதை இங்கு நினைவு கூரலாம்.

கொழும்பில் நான் தொழில் பார்த்த நாட்களில் “மறுகா” என்றதும் உடனிருந்தோர் சிரிப்பர். அச்சிரிப்புக்கு அஞ்சி ‘பிறகு’ என்று மாற்றிப் பேசியவர் எத்தனையோ பேர். ஆனால் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலெபில், தமிழ்ப் பேச்சு வழக்குகளுள் இலக்கிய நடைக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கே என்றார். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இம்மண்ணின் மொழிவளத்தை எடுத்துக் காட்டியது. பின்னாளில் ‘மறுகா’ என்ற பெயரிலேயே இங்கிருந்து ஒரு சிற்றிதழும் வெளிவந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரையம்பதித் தமிழருக்கும் காத்தான்குடி முஸ்லிம்களுக்கும் இச்சொல் பொது. 1990இல் இரு சமூகங்களும் இரத்தம் சிந்திப் பிரிந்து நின்றபோதும், இரு பக்கத்தாரும் தத்தம் துயரத்தை ‘மறுகா… மறுகா…’ என்றே சொல்லி அழுதனர். பிள்ளைகள் பாடசாலையில் ‘பிறகு’ என்று எழுதட்டும், தவறில்லை. வீட்டில் ‘மறுகா’ என்றால் திருத்தாதிருப்போம். திருத்தி நாம் எடுத்துவிடுவது பிழையை அல்ல, நல்ல தமிழ்ச் சொல்லொன்றை.